சொகுசுக் காரும் பதில் சொல்லாத சர்வீஸ் சென்டரும் – ஒரு சென்னை வரலாறு

லட்சக்கணக்கில் பணம் கொடுத்து ஒரு சொகுசுக் கார் வாங்குகிறார் ஒருவர். ஒரு நாள் டாஷ்போர்டில் ஒரு விளக்கு எரிகிறது. ஷோரூமின் சர்வீஸ் சென்டரில் வண்டியை விடுகிறார். முதல் வாரம் "செக் பண்றோம் சார்". இரண்டாம் வாரம் "பார்ட்ஸ் ஆர்டர் போட்டிருக்கு சார்". மூன்றாம் வாரம் போனையே எடுப்பதில்லை. கார் வாங்கும்போது காபி கொடுத்து, சாவியை தட்டில் வைத்து நீட்டிய அதே இடம்தான்!

இது ஏதோ இன்றைக்கு முளைத்த நோய் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் இதற்குப் பின்னால் நீண்ட கதை ஒன்று இருக்கிறது. அதில் பெரும் பகுதி சென்னையிலேயே நடந்தது. அந்தக் கதை தெரிந்தால், சர்வீஸ் சென்டர் ஏன் மௌனமாக இருக்கிறது என்பதும், அந்த மௌனத்தை உடைக்க என்ன வழி என்பதும் ஓரளவு புரியும்.

செய்தவரே பழுது பார்த்த காலம்

மோட்டார் கார் வருவதற்கு முன்பு சென்னையில் பணக்காரர்களின் வாகனம் குதிரை வண்டி. 1840-ல் தொடங்கிய சிம்ப்சன் நிறுவனம் அத்தகைய கோச் வண்டிகளைச் செய்து பெயர் வாங்கியது. வண்டியில் அச்சு முறிந்தாலோ சக்கரம் ஆடினாலோ, செய்த பட்டறைக்கே அதை ஓட்டிப் போய் நிறுத்தலாம். செய்தவர் யார், விற்றவர் யார், பழுது பார்ப்பவர் யார் என்ற மூன்று கேள்விகளுக்கும் ஒரே பதில்தான். கோபம் வந்தால் யாரிடம் காட்டுவது என்ற குழப்பமே கிடையாது.

அதே சிம்ப்சனில் சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் 1903 வாக்கில் ஒரு நீராவிக் காரைக் கட்டி ஓட்டிக் காட்டினார். ஆனால் அதன் பிறகு சென்னையில் ஓடிய கார்களில் பெரும்பாலானவை கப்பலில் வந்து இறங்கியவை. சென்னையின் எம்.சி. 1 என்ற பதிவெண் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் வைத்திருந்த காருக்கு உரியது என்பார்கள். இவர் சென்னைத் துறைமுகத்தின் தலைவராக இருந்தவர். கணிதமேதை ராமானுஜன் குமாஸ்தாவாக வேலை பார்த்தது இவருடைய அலுவலகத்தில்தான். எம்.சி. 3 என்ற எண்ணை வைத்திருந்தவர் கட்டடக் கான்டிராக்டர் நம்பெருமாள் செட்டி. அவருடையது டி டியோன் என்ற பிரெஞ்சு கார்.

இங்கேதான் முதல் விரிசல் ஆரம்பிக்கிறது. காரைச் செய்தவர் பிரான்சிலோ இங்கிலாந்திலோ இருக்கிறார். விற்றவர் மவுண்ட் ரோட்டில் இருக்கிறார். ஒரு சின்ன உதிரிபாகம் உடைந்தால் கடிதம் கப்பலில் போய், பாகம் கப்பலில் வர வேண்டும். ஆக, "பார்ட்ஸ் வரணும் சார்" என்ற வாக்கியத்துக்கு வயது நூறுக்கு மேல்! ஆனால் அன்று அது பொய் சாக்கு அல்ல, உண்மையிலேயே பார்ட்ஸ் கடல் தாண்டித்தான் வந்தது.

எண்ணூரில் பிறந்த ஆஸ்டின்

சுதந்திரம் கிடைத்த மறு ஆண்டு, அதாவது 1948-ல், ரகுநந்தன் சரண் என்பவர் அசோக் மோட்டார்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்கினார். தன் மகன் அசோக்கின் பெயரையே வைத்தார். தொழிற்சாலைக்குத் தேர்ந்தெடுத்த இடம் எண்ணூர். இங்கிலாந்தில் இருந்து பாகங்களாக வந்த ஆஸ்டின் ஏ40 கார்கள் 1949-ல் இருந்து அங்கே பூட்டப்பட்டன. இன்று வடசென்னை என்றாலே அனல்மின் நிலையமும் உரத் தொழிற்சாலையும் கன்டெய்னர் லாரியும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் கொடுங்கையூரில் இருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு கார் தொழிற்சாலையும் இருந்திருக்கிறது.

அது நீடிக்கவில்லை. லேலண்டுடன் ஒப்பந்தம் ஏற்பட்டு, 1955-ல் அசோக் லேலண்ட் என்று பெயரும் மாறி, எண்ணூர் முழுக்க லாரி, பஸ் தயாரிக்கும் இடமாகிவிட்டது. கொடுங்கையூர், மூலக்கடை, மாதவரம் பக்கத்தில் லாரி மெக்கானிக்குகளும் பட்டறைகளும் பெருகியதற்கு இந்தத் தொழிலும் துறைமுகமும் முக்கியக் காரணங்கள்.

எண்ணூர் ஏன் காரை விட்டது? வெளிநாட்டுப் பாகங்களை இறக்கி வெறுமனே பூட்டி விற்கும் கம்பெனிகள் இனி வேண்டாம், படிப்படியாக உள்நாட்டிலேயே பாகங்களைத் தயாரிப்பவர்கள் மட்டும் இருந்தால் போதும் என்று 1950-களின் தொடக்கத்தில் மத்திய அரசு முடிவெடுத்தது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் இந்தியாவை விட்டுப் போயின. கடைசியில் கார் என்றால் மூன்றே கம்பெனிகள் என்ற நிலை வந்தது. கல்கத்தா அருகே அம்பாசடர், பம்பாயில் ஃபியட், சென்னையில் ஸ்டாண்டர்டு.

வரிசையில் நின்ற வாடிக்கையாளர்

வணிகவியல் முதலாண்டுப் பாடத்திலேயே வரும் விஷயம் இது. தேவை அதிகம், வரத்து குறைவு என்றால் விலை ஏற வேண்டும். ஆனால் அரசு விலையை ஏற விடவில்லை, உற்பத்தியையும் உரிமத்தின் அளவுக்கு மேல் விடவில்லை. அப்படியானால் என்ன ஏறும்? காத்திருக்கும் காலம் ஏறும்! 1959-ல் கார்களை யாருக்கு எந்த வரிசையில் விற்க வேண்டும் என்பதற்கே ஒரு கட்டுப்பாட்டு ஆணை வந்தது. ஃபியட்டுக்குப் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த குடும்பங்கள் உண்டு. புதுக் காரைவிட, உடனே கிடைக்கும் பழைய கார் அதிக விலைக்குப் போன வேடிக்கையும் நடந்தது.

இந்தச் சூழலில் டீலர் யார்? விற்பவர் அல்ல, கிட்டத்தட்ட ரேஷன் அதிகாரி. அவருக்கு வாடிக்கையாளரைத் திருப்திப்படுத்த வேண்டிய அவசியமே கிடையாது. ஒருவர் கோபித்துக்கொண்டு போனால் அடுத்தவர் வரிசையில் நிற்கிறார். புதுக் காரில் கதவு சரியாக மூடவில்லை, பெயின்ட் உரிகிறது என்றெல்லாம் புகார்கள் குவிந்தன. 1960-களின் பிற்பகுதியில் கார்களின் தரத்தை விசாரிக்கவே மத்திய அரசு ஒரு குழுவை அமைக்க வேண்டியதாயிற்று. கார் விலைக் கட்டுப்பாட்டு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1971-ல் தீர்ப்பானது.

சர்வீஸ் சென்டரின் மௌனம் ஒரு பழக்கமாக வேர் விட்டது இந்தக் காலத்தில்தான். அதை ஊழியர்களின் குணக்கேடு என்று மட்டும் சொல்வது சரியல்ல. பதில் சொல்லாவிட்டாலும் நஷ்டம் இல்லை என்ற நிலையில், பதில் சொல்பவர்கள் குறைந்துபோவது இயற்கை.

ஸ்டாண்டர்டு 2000: சென்னையின் சொகுசுக் கார்

இப்போது முக்கியமான கதைக்கு வருவோம்.

வண்டலூர் – பெருங்களத்தூர் பக்கம், ஜி.எஸ்.டி. ரோட்டில் இருந்தது ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. 1948-ல் தொடங்கிய கம்பெனி. முதலில் வான்கார்டு, பிறகு ஸ்டாண்டர்டு 8, ஸ்டாண்டர்டு 10, 1961-ல் ஹெரால்டு, 1970-களில் கெசல் என்று கார்களைக் கொடுத்தது. இங்கிலாந்தில் 'ஸ்டாண்டர்டு' என்ற கார் பெயரே 1963-ல் மறைந்துவிட்டது. ஆனால் சென்னையில் மட்டும் அந்தப் பெயர் இன்னும் 25 ஆண்டுகள் உயிரோடு இருந்தது! 1970-களின் பிற்பகுதியில் கம்பெனி கார் தயாரிப்பை நிறுத்திவிட்டு வேன்களோடு காலம் தள்ளியது.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அதற்கு முன்பே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தலா 10,000 ரூபாய் கட்டிப் பதிவு செய்திருந்தார்கள். இந்தியர்களுக்கு நல்ல கார் வேண்டும் என்பது வெட்டவெளிச்சமானது. பழைய கம்பெனிகளும் விழித்துக்கொண்டன. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கான்டெஸாவைக் கொண்டுவந்தது. பிரீமியர் 118என்இ வந்தது. ஸ்டாண்டர்டு எல்லாவற்றையும்விடப் பெரிய கனவைக் கண்டது.

இங்கிலாந்தின் ரோவர் எஸ்டி1 என்ற கார் 1976-ல் வெளியாகி, மறு ஆண்டே ஐரோப்பாவின் சிறந்த கார் விருதை வாங்கியது. டேவிட் பேச் வடிவமைத்த நீளமான, அழகான கார். அந்த உடலை ஸ்டாண்டர்டு 1985-ல் 'ஸ்டாண்டர்டு 2000' என்ற பெயரில் சென்னையில் இருந்து கொண்டுவந்தது. அம்பாசடரையும் பத்மினியையும் பார்த்துப் பழகிய கண்களுக்கு அது வேறு உலகத்துக் கார்.

ஆனால் பானெட்டைத் திறந்தால் கதை வேறு. இங்கிலாந்தில் அந்தக் காருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது 3.5 லிட்டர் வி8 இன்ஜின். சென்னைக் காரில் இருந்ததோ 1,991 சிசி நான்கு சிலிண்டர் இன்ஜின். 1940-களின் இறுதியில் வான்கார்டு காருக்காக உருவான இன்ஜின் குடும்பத்தைச் சேர்ந்தது. இந்தியச் சாலைகளுக்காக உடலும் கொஞ்சம் உயர்த்தப்பட்டது. சுருக்கமாகச் சொன்னால், பட்டு வேட்டி கட்டிய பழைய பயில்வான்.

விலை மாருதியைப் போலப் பல மடங்கு. வேகம் எதிர்பார்த்த அளவு இல்லை, பெட்ரோலை அதிகம் குடிக்கிறது என்ற பேச்சு பரவியது. விற்பனை சரிந்தது. கம்பெனிக்குள் பணத் தட்டுப்பாடும் தொழிலாளர் பிரச்னையும் சேர்ந்தன. 1988-ல் தயாரிப்பு நின்றது. வெளிவந்து மூன்றே ஆண்டுகளில் ஒரு சொகுசுக் கார் அநாதையானது. தொழிலாளர்கள் வேலையை இழந்தார்கள். காரை வாங்கியவர்கள் கையில் ஒரு பெரிய கேள்விக்குறியோடு நின்றார்கள்.

கம்பெனியே மூடிய பிறகு டீலர் என்ன பதில் சொல்வார்? கண்ணாடியோ கதவோ விளக்கோ உடைந்தால் இந்தியாவில் வேறு எந்தக் காரின் பாகமும் பொருந்தாது. இன்ஜின் மட்டும் பழையது என்பதால் பழைய மெக்கானிக்குகளுக்குப் பழக்கமானது. எது பலவீனம் என்று சொன்னார்களோ, கடைசியில் அதுவே கொஞ்சம் கைகொடுத்தது!

இந்தக் கதையின் வேதனையான பகுதி இனிமேல்தான். மூடிய தொழிற்சாலையில் பயன்படுத்தாத ரோவர் எஸ்டி1 பாகங்கள் ஏராளமாகக் கிடந்தன. பல ஆண்டுகள் அப்படியே கிடந்த அந்தச் சரக்கைக் கடைசியில் வாங்கியது யார் தெரியுமா? இங்கிலாந்தில் பழைய கார்களுக்கு உதிரிபாகம் விற்கும் ரிம்மர் பிரதர்ஸ் என்ற கம்பெனி. அவர்கள் அவற்றைக் கப்பலில் ஏற்றி இங்கிலாந்துக்கே கொண்டுபோய், அங்கே ரோவர் வைத்திருந்தவர்களுக்கு விற்றார்கள். சென்னையில் கார் வைத்திருந்தவருக்குக் கிடைக்காத பாகம் சென்னையிலேயே இருந்தது. ஆனால் அது போய்ச் சேர்ந்தது லண்டன்காரர் கையில். தொழிற்சாலை இருந்த நிலத்தில் இன்று ஐ.டி. அலுவலகங்களும் அடுக்குமாடிகளும் நிற்கின்றன.

மௌனத்துக்குப் பின்னால் உள்ள கணக்கு

இந்த வரலாற்றில் இருந்து மூன்று காரணங்களைப் பிரித்தெடுக்கலாம்.

ஒன்று, ஒப்பந்தம். காரை வாங்குபவர் பணம் கொடுப்பது டீலரிடம். ரசீது போடுவதும் டீலர்தான். வாரன்டி கொடுப்பது மட்டும் கம்பெனி. பிரச்னை என்றால் டீலர் "கம்பெனிதான் சொல்லணும்" என்பார், கம்பெனி "டீலரைப் பாருங்கள்" என்னும். இருவரும் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தத்திலேயே ஒருவர் தவறுக்கு இன்னொருவர் பொறுப்பல்ல என்று இருப்பது சாதாரணம். நடுவில் நிற்பவர் வாடிக்கையாளர்.

இரண்டு, சரக்கு. அதிகம் ஓடாத கார்களுக்குப் பாகங்களை வாங்கி அடுக்கி வைத்தால் டீலரின் பணம் முடங்கும். அதனால் வண்டி வந்த பிறகே ஆர்டர் போடுவார். சொகுசுக் காரின் எண்ணிக்கை எப்போதும் குறைவு. ஆகவே விலை கூடக் கூட சர்வீஸ் வேகம் கூடும் என்ற நம்பிக்கை பல நேரம் தலைகீழாகிறது.

மூன்று, ஏகபோகம். வேறு எங்கும் பாகமோ, பழுது கண்டுபிடிக்கும் கருவியோ கிடைக்காது என்றால் வாடிக்கையாளர் எங்கேயும் போக முடியாது. போக முடியாதவரிடம் எதற்குப் பேச வேண்டும்?

மற்ற நாடுகளிலும் இதே கதைதான். அமெரிக்காவில் புதுக் கார்களின் குறைகளால் நொந்த மக்களுக்காக 1982-ல் கனெக்டிகட் மாநிலம் 'எலுமிச்சைச் சட்டம்' என்ற பெயரில் ஒன்றை இயற்றியது. குறைபாடுள்ள காரை அங்கே எலுமிச்சை என்பார்கள். குறிப்பிட்ட தடவைகள் முயன்றும் சரி செய்ய முடியாவிட்டால் கம்பெனி காரை மாற்றிக் கொடுக்க வேண்டும், அல்லது பணத்தைத் திருப்பித் தர வேண்டும். மற்ற மாநிலங்களும் பின்தொடர்ந்தன. இந்தியாவில் கார்களுக்கென்று அப்படித் தனிச் சட்டம் கிடையாது.

சட்டம் வந்த பிறகு

ஸ்டாண்டர்டு 2000 வெளியான அதே 1985-ல் சென்னையில் சி.ஏ.ஜி. என்ற நுகர்வோர் அமைப்பு தொடங்கியது. மறு ஆண்டு, 1986 டிசம்பரில், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சேவையில் குறைபாடு என்பது வழக்குப் போடக்கூடிய விஷயம் ஆனது. அதற்கு முன் சர்வீஸ் சென்டர் இழுத்தடித்தால் சிவில் கோர்ட்டுக்குப் போக வேண்டும், அல்லது விதியை நொந்துகொள்ள வேண்டும். பெரும்பாலோர் இரண்டாவதைத்தான் செய்தார்கள்.

அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2019-ல் புதிய சட்டம் இயற்றப்பட்டு, 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. வாங்கிய ஊரில் மட்டுமல்ல, தான் குடியிருக்கும் ஊரிலும் வழக்குப் போடலாம் என்ற வசதி அதில் வந்தது. தயாரித்தவர், விற்றவர், சேவை செய்தவர் மூவரின் பொறுப்பும் தனித்தனியாக எழுதப்பட்டது. அதாவது டீலரும் கம்பெனியும் பந்தை மாற்றி மாற்றி உதைக்கும் ஆட்டத்துக்குச் சட்டம் ஒரு கோடு போட்டிருக்கிறது. கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம், அதற்கும் மேல் தேசிய ஆணையம்.

உதிரிபாக ஏகபோகத்துக்கும் ஓர் அடி விழுந்தது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. குற்றச்சாட்டு என்ன? உதிரிபாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் வெளிச்சந்தைக்கு விடாமல், தனியார் மெக்கானிக்குகளை ஒதுக்கியது. பட்டியலில் சொகுசுக் கார் கம்பெனிகளும் இருந்தன. மேல்முறையீடுகள் பின்னர் நடந்தன என்றாலும், மூலக்கடைப் பட்டறையில் ஸ்பேனர் பிடிக்கும் ஒருவருக்கும் பெரிய கம்பெனிக்கும் இடையிலான பிரச்னையை ஒரு தேசிய அமைப்பு பொருளாதாரக் கேள்வியாகப் பார்த்தது பெரிய விஷயம். 2022-ல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'பழுதுபார்க்கும் உரிமை' என்ற கருத்தை எடுத்துக்கொண்டு, கார்களையும் அதில் சேர்த்தது.

சட்டம் இருந்தால் மட்டும் போதுமா? போதாது. மெர்சிடிஸ் கார் ஒன்றில் நடுப்பகுதி அளவுக்கு மீறிச் சூடாகிறது என்று ஒரு டெல்லி கம்பெனி தொடுத்த வழக்கில் தேசிய ஆணையம் 2007-ல் உத்தரவு போட்டது. அது உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது 2024 ஜூலையில்! கம்பெனி பெயரில் வாங்கியிருந்தாலும், இயக்குநரின் சொந்தப் பயன்பாட்டுக்கு என்றால் அவர் நுகர்வோர்தான் என்று தீர்ப்பு வந்தது நல்லது. ஆனால் 17 வருடம். பணம் உள்ள கம்பெனிக்கே இந்தக் கதி என்றால், கடன் வாங்கிக் கார் எடுத்தவர் என்ன செய்வார்?

மீண்டும் அதே கேள்வி

2021 செப்டம்பரில் ஃபோர்டு கம்பெனி இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. 2022-ல் மறைமலை நகர் தொழிற்சாலையில் கடைசிக் கார் வெளியே வந்தது. எண்டெவர் போன்ற விலை உயர்ந்த வண்டியை அப்போதுதான் வாங்கியவர்கள் கேட்டது, 1988-ல் ஸ்டாண்டர்டு 2000 வைத்திருந்தவர் கேட்ட அதே கேள்வி: "இனி சர்வீஸ் யார் செய்வார்கள்?" ஒரு வித்தியாசம் உண்டு. ஃபோர்டு கம்பெனி திவாலாகவில்லை. பாகங்களும் சர்வீஸும் தொடரும் என்று வெளிப்படையாகச் சொன்னது, சர்வீஸ் மையங்களும் தொடர்ந்து இயங்கின. முன்கூட்டியே பேசியதாலேயே பாதிப் பதற்றம் குறைந்தது. ஆக, வாடிக்கையாளர் முதலில் கேட்பது பாகத்தை அல்ல, தகவலை.

வடசென்னையில் இந்தப் பிரச்னைக்கு இன்னொரு முகமும் உண்டு. எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் இருந்து ஆயிரக்கணக்கான புதுக் கார்கள் கப்பலேறி வெளிநாடு போகின்றன. கார்கள் போகும் வழி இதுதான், ஆனால் சொகுசுக் கார் ஷோரூம்களும் சர்வீஸ் சென்டர்களும் பெரும்பாலும் நகரின் தெற்கிலும் மேற்கிலும். கொடுங்கையூரில் அப்படி ஒரு கார் வைத்திருப்பவர், வண்டியின் நிலவரத்தை நேரில் கேட்க வேண்டும் என்றால் அரை நாள் வேலையைக் கெடுத்துக்கொண்டு ஊரைக் கடந்து போக வேண்டும். அவருக்குப் போனை எடுக்காமல் இருப்பது வெறும் மரியாதைக் குறைவு அல்ல, நேரடி நஷ்டம்.

அதனால் வரலாறு சொல்லும் நடைமுறைப் பாடங்கள் இவை:

வண்டியை விடும்போது ஜாப் கார்டில் குறையைத் தன் வார்த்தையில் எழுதச் சொல்லி, நகல் வாங்கிக்கொள்ள வேண்டும். "பாக்கறோம்" என்பது பதில் அல்ல. எந்தப் பாகம், எந்தத் தேதியில் ஆர்டர் போட்டது, எப்போது வரும் என்று இமெயிலில் கேட்க வேண்டும். போனில் பேசியதைக்கூட பிறகு எழுத்தில் அனுப்பி வைக்க வேண்டும். டீலருக்கு அனுப்பும் ஒவ்வொரு கடிதத்தின் நகலும் கம்பெனிக்கும் போக வேண்டும். பலன் இல்லாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் பிறகு நோட்டீஸ், வழக்கு. பிரச்னை எழுந்து 2 ஆண்டுகளுக்குள் வழக்குப் போட்டுவிட வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. சாந்தமாக, ஆனால் விடாமல் எழுதுபவரின் கோப்புதான் நாளை ஆணையத்தின் முன் பேசும்.

கோச் வண்டிக் காலத்தில் கேள்வி கேட்க ஒரே கதவுதான் இருந்தது, அதைத் தட்டினால் செய்தவரே திறப்பார். லைசென்ஸ் காலத்தில் கதவே மூடியிருந்தது. இன்று கதவுகள் நிறைய. ஷோரூம், சர்வீஸ் சென்டர், கால் சென்டர், கம்பெனி, ஆணையம் என்று வரிசை நீள்கிறது. எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் வாடிக்கையாளர் அலுத்துப் போவார் என்பதுதான் மௌனமாக இருப்பவர்களின் நம்பிக்கை. ஸ்டாண்டர்டு 2000 வாங்கியவர்களுக்குத் தட்ட எந்தக் கதவும் மிஞ்சவில்லை. இன்றைக்கு வாங்குபவர்களுக்கு இருக்கிறது. எழுத்தில் தட்ட வேண்டும், அவ்வளவுதான்.